தானத்துக்குத் தைக்கும் போர்வையையும் முழுமையாகத் தைத்து முடிப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் தாழ்நிலங்களில் வெள்ளம் புகுந்து குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொதுநோக்கு மண்டபங்களிலும் தங்க நேரும்போதெல்லாம் பாய், போர்வை, உலர் உணவு கோரும் அறிவித்தல்கள் தங்கள் பத்திரிகையில் வெளிவருகின்றன. அதன் பின்னர், மார்கழி, தை மாதப் பனிக்காலத்தில், முதியோர் இல்லங்களுக்கும் சிறுவர் இல்லங்களுக்கும் போர்வை வழங்கிய செய்திகளைப் படங்களோடு காண்கிறோம். அவ்வாறு வழங்கப்படுபவற்றுள் எங்கள் பெண்கள் வெட்டுத்துணிகளை இணைத்துத் தாங்களே தைத்த போர்வைகளும் இருப்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. பல ஆண்டுகள் தையல் கற்பித்தவள் என்ற வகையில், அந்தப் போர்வைகளின் முடிப்பு வேலையைப் பற்றிச் சிலவற்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்று இதனை எழுதுகிறேன்.

துண்டுத்துணிப் போர்வை என்பது மூன்று அடுக்குகளால் ஆனது: துண்டுகள் இணைத்த மேற்புறம், சூட்டைத் தாங்கும் நடு அடுக்கு, உடலில் படும் அடித்துணி. இவை மூன்றையும் ஊடுருவிப் போர்வை முழுவதும் ஓடும் தையலும், நான்கு ஓரங்களையும் மூடும் பட்டியும் சேர்ந்த பிறகே அது போர்வை ஆகிறது. ஆனால் மேற்புறத்தை இணைப்பதோடு பலருக்கு ஆர்வம் தீர்ந்துவிடுகிறது. நிறம் பார்த்துத் துண்டு அடுக்குவதில் உள்ள இன்பம், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் ஓரத் தையலில் இல்லை என்பது உண்மைதான். பேரப்பிள்ளைக்குத் தைக்கும்போது அந்தச் சலிப்பைப் பொறுத்துக்கொள்கிறோம். வழங்கும் நிகழ்வுக்கு நாள் குறித்துவிட்டு அவசரமாகத் தைக்கும்போது அதே கை ஓரத்தை ஒருமுறை மடித்து மெசினில் ஓட்டி விட்டுவிடுகிறது.

என் அபிப்பிராயம் இதற்கு நேர்மாறானது. வீட்டாருக்குத் தைப்பதைவிடத் தானத்துக்குத் தைப்பதில்தான் கூடிய கவனம் வேண்டும். வீட்டில் ஒரு தையல் பிரிந்தால் அன்று பின்னேரமே ஊசி எடுத்துத் தைக்க ஆள் இருக்கிறது. இல்லமொன்றில் உள்ள போர்வை, துணி தோய்க்கும் பணியாளர் ஒருவரின் கையில், மற்ற விரிப்புகளோடு சேர்த்து ஊறவைத்து அடித்துத் தோய்க்கப்பட்டு, கடும் வெயிலில் காயவிடப்படுகிறது. அதனைத் திருத்தித் தைக்க அங்கு எவருக்கும் நேரமில்லை.

யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதியில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் அத்தகைய போர்வை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலே நீலமும் மஞ்சளும் கலந்த மிக அழகான இணைப்பு. நடு அடுக்கில் வைத்த பஞ்சைக் குறுக்குத் தையல் எதுவும் பிடித்திருக்கவில்லை. ஆதலால் அது முழுவதும் ஒரு மூலையில் திரண்டு தலையணைபோல் கிடந்தது, மற்ற மூன்று பக்கமும் வெறும் துணி. ஓரத்தில் பிரிந்த நூல் வளையமாகத் தொங்கியது. அதில் கால்விரல் சிக்கி இரவில் எழும்ப முடியாமல் தவித்ததாக அதைப் போர்த்திவந்த அம்மா சொன்னார். சொல்லிவிட்டு, தைத்துத் தந்த பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது என்றும் சொன்னார். அவர் சொல்லாத குறையைச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு.

முதலில் துணியைப் பற்றி. தையற்கடைகளில் கிடைக்கும் வெட்டுத்துணிகளைத் தோய்த்துக் காயவைத்த பின்னரே வெட்ட வேண்டும். பருத்தி முதல் தோய்ப்பிலேயே சுருங்கும், பொலியெஸ்ரர் சுருங்காது. தோய்க்காமல் இரண்டையும் அருகருகே இணைத்தால் போர்வை அலையலையாக இழுபடும். சிவப்பு, மெரூன், கருநீலத் துணிகளை நனைத்து வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பார்த்து, சாயம் ஒட்டினால் ஒதுக்கிவிடுவதே நல்லது. துண்டுகளை இணைக்கும்போது எல்லா இடத்திலும் துணியின் விளிம்பிலிருந்து கால் அங்குலம் விட்டுத் தைக்க வேண்டும். பாவாடை தைப்பதில் நூலளவு பிசகினால் தெரியாது. ஆனால் இருபது துண்டுகளை வரிசையாக இணைக்கும்போது அந்த நூலளவுகள் சேர்ந்து ஒரு வரிசை மற்றதைவிட ஓர் அங்குலம் நீண்டு நிற்கும்.

நடு அடுக்குக்குப் பஞ்சு விரிப்புத் தேடிப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. எங்கள் பனிக்காலம் கனடாவின் பனிக்காலம் அன்று. வங்காளத்துப் பெண்கள் காந்தா எனும் போர்வையைப் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கியே தைத்து வந்தார்கள்; பூவேலைக்கு வேண்டிய வண்ண நூலைக்கூடப் பழஞ்சேலைக் கரையிலிருந்து உருவி எடுத்தார்கள். எங்கள் வீட்டு நூற்சேலைகளும் அதற்கு மிகப் பொருத்தமானவை. ஐந்தரை மீற்றர்ச் சேலை ஒன்றை மூன்றாக வெட்டினால் ஏறத்தாழ ஆறடி நீளத்தில் மூன்று அடுக்குக் கிடைக்கும்; ஒற்றைக் கட்டிலில் படுப்பவருக்கு அது போதும். தோய்த்துத் தோய்த்து மென்மையான சேலை உடலை உறுத்தாது, விரைவில் காய்ந்தும் விடும்.

அடுக்குகளை நிலத்தில் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரங்களை நோக்கித் தற்காலிகமாகப் பெரிய நூலோட்டம் போட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்கினால் தளர்வு முழுவதும் நடுவில் வந்து சேர்ந்து மடிப்பு விழும். பின்னர் மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாமல் வரிசை வரிசையாகத் தைத்தால் நடு அடுக்கு எத்தனை தோய்ப்புக்கும் நகராது. ஓரத்துக்கு இரண்டரை அங்குல அகலப் பட்டியை நீளவாட்டில் இரண்டாக மடித்து, மேற்புறத்தில் மெசினால் பிடித்து, பின்புறம் திருப்பிக் கையால் நெருக்கமாகத் தைக்க வேண்டும். ஓரமே முதலில் தேய்கிறது. இவ்வாறு மடித்த பட்டியில் அங்கு இரண்டு அடுக்குத் துணி இருக்கும். மூலைக்கு வந்ததும் பட்டியை வெட்டாமல் சரிவாக மடித்துத் திருப்பி, அந்தச் சிறு மடிப்பையும் நான்கைந்து தையலால் பிடித்துவிட வேண்டும். ஒரு போர்வையைத் தைத்தவரின் பொறுமையை அறிய நான் முதலில் பார்ப்பது அதன் மூலையைத்தான்.

உறவினருக்கும் நண்பருக்கும் தைப்பதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அன்பு தானாகவே கையை வழிநடத்தும். ஒன்றை மட்டும் குறிப்பிடுகிறேன். தாயின் சேலைகளைப் பகிர்ந்து தைத்த போர்வைகளை ரொறன்ரோவிலும் பாரிசிலும் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்ப விரும்புவோர் உண்டு. காலமானவரின் உடுப்பை வைத்திருப்பதில் தயக்கம் உள்ள குடும்பங்களும் உண்டு, அத்தயக்கம் மதிக்கப்பட வேண்டியது. அம்மா இருக்கும்போதே, எந்தச் சேலை யாருக்கு என்று அவர் வாயாலேயே கேட்டு, அவர் பார்த்திருக்கத் தைப்பது எவ்வளவோ மேலானது.

இடம்பெயர்ந்தோருக்குப் போர்வை என்றால் என்னவென்று எங்களுக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 1995 ஒக்ரோபர் 30 அன்று போரினால் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்த மக்களுக்குச் சேலையே தொட்டிலாகவும் மறைப்பாகவும் போர்வையாகவும் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வீடிழந்த பிரித்தானியக் குடும்பங்களுக்காகக் கனடாவின் ஊர்ப்பெண்கள் கூடியிருந்து துண்டுத்துணிப் போர்வைகள் தைத்து, கனடியச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக அனுப்பினார்கள். பின்புறம் தைத்த சிறு அடையாளத் துணியோடு அவற்றுட் சில 80 ஆண்டுகள் கடந்தும் இன்று பிரித்தானியாவில் பேணப்படுகின்றன. பெற்றவர்களுக்குத் தைத்தவர் யாரென்று பெரும்பாலும் தெரியாது. அதனால் வேலையில் குறை வைக்கலாம் என்று அந்தப் பெண்கள் எண்ணவில்லை.

எனவே எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களிடமும், தையல் வகுப்பு நடத்துவோரிடமும் என் வேண்டுகோள் இதுதான். எண்ணிக்கையைக் குறைத்து முடிப்பைக் கூட்டுங்கள். ஐம்பது போர்வை அரைகுறையாகக் கொடுப்பதிலும் இருபதை உருப்படியாகக் கொடுப்பதே சிறந்த தானம். வழங்கும் நாளை முதலில் குறிக்காமல், கடைசிப் போர்வையின் கடைசி மூலை முடிந்த பின்னர் குறியுங்கள். கொடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு தடவை நீங்களே அடித்துத் தோய்த்துப் பாருங்கள். பிரிவது உங்கள் முற்றத்திலேயே பிரியட்டும். கைதடி முதியோர் இல்லத்துக்கோ தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ கொடுக்க எண்ணுவோர், என்ன அளவு வேண்டும், எவ்வாறு தோய்ப்பார்கள், அங்கு ஏற்றுக்கொள்வார்களா என்பதைப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கேட்டறிவது அவசியம். நோயாளர் பாவிக்கும் துணி கொதிநீரையும் தாங்க வேண்டியிருக்கும்.

யாழ் நகரத் தையற்கடை உரிமையாளர்களிடமும் ஓர் உதவி கேட்கிறேன். நாள்தோறும் குப்பைக்குப் போகும் வெட்டுத்துணிகளில் உள்ளங்கை அளவுக்கு மேற்பட்டவற்றை ஒதுக்கி, பருத்தியை ஒரு பையிலும் மற்றவற்றை வேறொரு பையிலும் இட்டு வையுங்கள். உங்கள் ஊர்ச் சங்கத்தவர்கள் கிழமைக்கு ஒரு தடவை வந்து எடுத்துச் செல்லும்படி ஒழுங்கு செய்யலாம். அவ்வாறு பிரித்துத் தந்தாலே தைப்பவர்களின் வேலையில் பெரும் பாரம் குறைந்துவிடும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற மனைப்பொருளியல் ஆசிரியை,
கொக்குவில்.