அத்தைக்கு: அந்தப் பூச்செடியை ஏன் கொண்டுவரவில்லை

அன்புள்ள அத்தை,

பாம்பனில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நீங்கள் முதலில் என் கையைத்தான் பார்த்தீர்கள். தேயிலைப் பொட்டலம் இருந்தது. நீங்கள் கேட்டது இல்லை. "மரத்துல தொங்குற அந்தப் பூச்செடியில ஒரு கொம்பு ஒடிச்சுட்டு வாடா, முருங்கையில கட்டி வச்சுக்கிறேன்" என்று அனுப்பினீர்கள். வெறுங்கையோடு வந்தவனைப் பார்த்து, "சரி, சாப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அந்தச் "சரி" இரண்டு வாரமாக எனக்குள் கிடக்கிறது. நேரில் சொல்ல வந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுவேன் என்பதால் எழுதுகிறேன். பேத்தியை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிய வாரத்தில்தான் நான் கிளம்பினேன். இங்கே மண்ணை வாரிக் கண்ணில் போட்டுக்கொண்டிருந்தது. மதுரை, பழனி, பொள்ளாச்சி என்று ஒரு முழு நாள் பயணம். ஆழியாறு அணையைத் தாண்டியதும் வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரத்தில் நம் ஊர் போலவே காய்ந்த காடு. ஒன்பதாவது வளைவில் வரையாடுகள் பாறையோரம் நின்றன. இன்னும் மேலே ஏறினால் பஸ் ஜன்னலில் சாரல், பிறகு பனிமூட்டம். ஏறும்போதே ஒன்று உறைத்தது. அரபிக்கடலிலிருந்து வரும் காற்று மலையின் மேற்குச் சரிவில் முட்டி மழையைக் கொட்டிவிடுகிறது. ஈரத்தை அங்கே இறக்கிவிட்டு வறண்டு வரும் காற்றுதான் நமக்குக் கச்சான். நம் கடற்கரையில் சீமைக்கருவேலும் பனையும் நிற்பதற்கும், அங்கே ஒரே மரத்தில் பத்து விதச் செடி தொற்றி நிற்பதற்கும் காரணம் ஒரே காற்று.

நீங்கள் கேட்ட அந்தப் பூச்செடி ஆர்க்கிட் என்றதும் நீங்கள் புல்லுருவி என்றீர்கள். இல்லை அத்தை. புல்லுருவி மரத்துக்குள் வேரை விட்டு உறிஞ்சும். இது மரத்தில் உட்கார இடம் மட்டும்தான் கேட்கிறது. தண்ணீரை மழையிலும் பனியிலும் பிடித்துக்கொள்ளும். வேரைச் சுற்றி வெள்ளையாக ஒரு பஞ்சுறை. நனைந்தால் பச்சையாக மாறும். தூறல் விழுந்த ஒரு வேரைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன், நிறம் மாறியது.

நீங்கள் படத்தில் பார்த்தது நரிவால் ஆர்க்கிட். பெரிய மரத்தின் கவட்டையிலிருந்து ஒரு முழ நீளத்துக்குச் சரம் சரமாகத் தொங்கும். ஒரு சரத்தில் நூறு பூக்கள்கூட இருக்கும், வெள்ளையில் கத்தரிப்பூ நிறப் புள்ளிகள். யாரோ மல்லிகையை நெருக்கமாகக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி. அஸ்ஸாமில் பிஹு பண்டிகைக்குப் பெண்கள் இதைத்தான் கொண்டையில் சுற்றிக்கொள்வார்கள். அந்த மாநிலத்தின் பூவே இதுதான். இன்னொரு வகை இருக்கிறது, இலைகள் விசிறி போல மடிந்திருக்கும், பூ கடுகளவுதான். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அதற்கும் இதழ்கள் இருப்பதே தெரிந்தது. எனக்கு நரிவாலைவிட அதைத்தான் அதிகம் பிடித்தது. அட்டைக்கடியை மறந்து அரைமணி நேரம் அந்தக் கிளையடியில் நின்றேன்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

மூன்றாம் நாள், அனுமதி வாங்கி, வனக்காவலர் ஒருவரோடு காட்டுப் பாதையில் நடந்தோம். அவர் காடர் இனத்தவர், அந்தக் காட்டிலேயே பிறந்தவர். முந்தின இரவுக் காற்றில் ஒரு பெரிய கிளை முறிந்து பாதையில் கிடந்தது. அதில் நரிவால் செடி ஒன்று வேரோடு, பூவோடு. என் நெஞ்சு அடித்துக்கொண்டது. நான் ஒடிக்கவில்லை, பறிக்கவில்லை, தானாக விழுந்து கிடக்கிறது. உங்கள் முருங்கை மரம்தான் கண்முன் வந்தது. "இதை எடுத்துக்கலாமா அண்ணே?" என்று கேட்டேவிட்டேன். புலிகள் காப்பகத்திலிருந்து ஒரு இலையைக்கூட எடுத்துப் போகக்கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. பையிலிருந்து தேங்காய் நாரை எடுத்தார். செடியைக் கிளையிலிருந்து பிரித்து, பக்கத்து மரத்தின் கவட்டையில் வைத்து, வேர் நசுங்காமல் கட்டினார். "தரையில கிடந்தா அழுகிரும். இங்க இருந்தா அடுத்த வருஷம் பூக்கும்" என்றார். நான் நாரின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவுதான் நான் செய்தது.

அதைக் கொண்டுவந்திருந்தால் நீங்கள் தண்ணீர் தெளித்துத் தெளித்து உயிரோடு வைத்திருப்பீர்கள், தெரியும். ஆனால் அது பெருகாது. அதன் ஒரு காயில் லட்சக்கணக்கில் விதை, முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. நெல்லில் இருப்பது போல முளைக்கும் கருவுக்குச் சோறு அதில் இல்லை. காட்டு மரப்பட்டையில் வாழும் ஒரு பூஞ்சை வந்து ஊட்டினால்தான் முளைக்கும். அந்தப் பூஞ்சையை நான் எந்தப் பையில் கட்டிக் கொண்டுவருவது?

நீங்களும் கடலுக்குள் இறங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுக்கும்போது அதைக் கல்லோடு சுரண்டுவதில்லையே. விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு கையால்தான் எடுக்கிறீர்கள். அடியை விட்டால்தான் மறுபடி வளரும் என்று எனக்கு முதலில் சொன்னதே நீங்கள்தான். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று சின்னப்பாலம் பெண்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுத்ததையும் உங்கள் வாயால்தான் கேட்டேன். கிளையடியில் நின்றபோது அது நினைவில் இருந்திருக்க வேண்டும். அங்கே வரவில்லை. திரும்பும்போதுதான் வந்தது.

திரும்பும் வழியில் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு நர்சரியில் நின்றேன். அலமாரி நிறையக் கண்ணாடிப் பாட்டில்கள். உள்ளே ஜெல்லி போல ஒன்று, அதன்மேல் நகக்கண் அளவு பச்சை நாற்றுகள். எல்லாம் ஆர்க்கிட். காட்டுப் பூஞ்சை இல்லாமலே விதையை முளைக்கவைக்கலாம் என்று 1922இல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டினார். பூஞ்சை ஊட்டுவதற்குப் பதிலாக, ஜெல்லியில் சர்க்கரையும் உப்புச் சத்துகளும் கலந்து கொடுத்தார். அந்த ஜெல்லி என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன். "அகர்" என்றார்.

அகர், அத்தை! நோன்பு நாளில் கீழக்கரை வீடுகளில் பால் ஊற்றிக் காய்ச்சித் துண்டு போடுகிறார்களே, அந்தக் கடல்பாசி. நீங்கள் மூச்சடக்கி இறங்கி எடுத்து, மணலில் காயவைத்து, கிலோ கணக்கில் போடுகிற மரிக்கொழுந்திலிருந்து மதுரை ஆலைகளில் காய்ச்சி எடுப்பதும் இதைத்தான். மலைக்காட்டுப் பூவின் விதைக்கு அங்கே பூஞ்சை, பாட்டிலில் கடல்பாசி. கடைக்காரரிடம் உங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

அந்தப் பாட்டில் ஒன்றை உங்களுக்காக வாங்கலாம் என்றேன். இந்த வெயிலில் பாம்பன்வரை தாங்காது, பெரிய செடியாக இருந்தால் பரவாயில்லை, மழைக்காலத்தில் வாருங்கள் என்றார். அதனால் ஐப்பசி வரைக்கும் பொறுங்கள். நாற்றுப்பண்ணையில் பிறந்த செடியே முருங்கைக்கு வரும்.

ஆனால் காட்டுப் பூவை நீங்கள் அங்கேயே பார்க்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடை, விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். நீங்களும் அந்த நாட்களில் பாசிக்கு இறங்குவதில்லை. நரிவால் பூப்பதும் மே கடைசியில். காவலர் அண்ணனிடம் சொல்லிவைத்திருக்கிறேன், நார் கட்டிய மரத்துக்கு அவரே கூட்டிப்போவார். முட்டி வலிக்கிறது என்று சொல்லாதீர்கள், பாதை மெதுவான ஏற்றம்தான். பழைய நூல் சேலை ஒன்றை எடுத்து வையுங்கள், அட்டைக்குக் காலில் சுற்ற. உப்பு நான் வாலிநோக்கத்தில் வாங்கிவருகிறேன்.

உங்கள் மருமகன்