கலைக்கு ஒரு கடிதம்: கையுறை வாங்கும் முன்

அன்புள்ள கலை,

உன் கடிதம் கிடைத்தது. வேலை நேரம் மாறிவிட்டதையும், விடியும் முன்பே வண்டியை எடுக்க வேண்டியிருப்பதையும், பாதி வழியிலேயே விரல்கள் மரத்து, கிளட்சைப் பிடித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்றே தெரியாமல் போவதையும் எழுதியிருந்தாய். படித்ததும் எனக்குத் திக்கென்றது. மரத்துப்போன கையோடு பிரேக் பிடிப்பது விளையாட்டு இல்லை. விரல் தோலின் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே நுணுக்கமான வேலைகளில் விரல் தடுமாற ஆரம்பித்துவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு நாய் குறுக்கே ஓடிவந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

கடைசியில், "இருப்பதிலேயே தடியான கிளவுஸாகப் பார்த்து வாங்கிவிடுகிறேன்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்த அவசரக் கடிதம். பணத்தை எடுத்துக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடு. கையில் தாராளமாக இருப்பவர்கள் ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். உனக்கு ஒரே தடவையில் சரியாக அமைய வேண்டும்.

வண்டி ஓட்டுகிறவர் கைக்கு முதல் எதிரி காற்றுதான். காற்று வீசும்போது உடம்புக்கு எவ்வளவு குளிராகத் தெரியும் என்று கணக்கிட, கனடாவும் அமெரிக்காவும் 2001-ல் ஒரு புதிய சூத்திரத்தைக் கொண்டுவந்தன. அதன்படி, வெளியே 10 டிகிரி இருக்கும் காலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது 4 டிகிரி போலத் தெரியும். 5 டிகிரி என்றால் மைனஸ் 3. பூஜ்யம் என்றால் ஏறக்குறைய மைனஸ் 10. முகத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. ஆனாலும் ஹேண்டில்பாரில் காற்றுக்கு நேராக நீட்டிக்கொண்டிருக்கும் கைக்கு நடப்பதும் அதேதான். பஞ்சோ கம்பளியோ தானாகச் சூடு தருவதில்லை. இழைகளுக்கு நடுவே அசையாத காற்றைப் பிடித்துவைத்து, கையின் சூடு வெளியே போகாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவுதான். வெளிக்காற்று உள்ளே புகுந்து அந்தக் காற்றைக் கலைத்துவிட்டால் எத்தனை தடியாக இருந்தும் பயன் இல்லை. கம்பளிக் கையுறை போட்டு நடக்கும்போது சுகமாக இருக்கும், அதையே போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் விறைத்துவிடும். அதனால் காற்றை நிறுத்தும் மேல்பரப்புக்குத்தான் உன் பணத்தில் முதல் பங்கு. கடையிலேயே சோதித்துவிடலாம். கையுறையைப் போட்டுக்கொண்டு, புறங்கையை வாயருகே கொண்டுவந்து, விரல் இடுக்குகளிலும் தையல் ஓடும் இடங்களிலும் பலமாக ஊதிப் பார். உள்ளே காற்று தெரிந்தால் அங்கேயே வைத்துவிடு.

அடுத்தது மணிக்கட்டு. கைக்குப் போகும் ரத்தம் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது, நாடி பிடித்துப் பார்க்கும் இடம் அதுதானே. ஜாக்கெட் கைக்கும் கையுறைக்கும் நடுவே ஒரு விரல் அகலம் திறந்திருந்தால் போதும், கை முழுவதும் சில்லிட்டுவிடும். முன்கையில் பாதி வரை ஏறும் நீளக் கையுறையாகப் பார். மணிக்கட்டில் ஒரு பட்டி, மேல் விளிம்பில் இன்னொன்று, இரண்டும் வேண்டும். மணிக்கட்டுப் பட்டி குளிருக்கு மட்டும் இல்லை, விழுந்தால் கையுறை கழன்று பறந்துவிடாமல் பிடிப்பதும் அதுதான். கடைக்குப் போகும்போது நீ ஓட்டும்போது போடுகிற அதே ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போ. கையுறை ஜாக்கெட்டின் மேலே வருமா, உள்ளே போகுமா என்பதை அங்கேயே பார்த்தால்தான் தெரியும். ஜாக்கெட் கை தடிமனாக இருந்தால் சில கையுறைகளின் விளிம்பு அதன் மேல் மூடவே மூடாது.

இப்போது அளவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பெரும்பாலானவர்கள் பணத்தைத் தொலைப்பது இங்கேதான். கட்டை விரலை விட்டுவிட்டு, விரல் முட்டிகளை ஒட்டி உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளந்துகொள். அங்குலத்தில் வரும் எண்ணே கையுறை எண்ணுக்கு ஏறக்குறைய சமம்; ஏழு அங்குலம் வந்தால் ஏழாம் எண். ஸ்மால், மீடியம் என்ற எழுத்துகளை நம்பாதே, அது ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு மாதிரி. ஆண்களுக்கு என்று தைத்ததில் சின்ன அளவை எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். நம் கைக்கு அது பல நேரம் உள்ளங்கையில் சரியாக இருந்தும் விரல்கள் தொளதொளவென்று இருக்கும். பெண்கள் அளவில் தைத்தது இருக்கிறதா என்று கேட்டுப் பார்.

இறுக்கமாக இருந்தால் சூடாக இருக்கும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. இறுக்கினால் பஞ்சு நசுங்கி அந்த அசையாத காற்று போய்விடும், ரத்த ஓட்டமும் குறையும். விரல் நுனியில் சில மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அதுவும் கையை நீட்டிவைத்துப் பார்த்தால் தெரியாது, எதையாவது சுற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஹேண்டில்பார் கம்பி பெரும்பாலான வண்டிகளில் 22 மில்லிமீட்டர். மேலே ரப்பர் பிடி சேர்ந்தால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் போகும். கடைக்காரரிடம் கேட்டு அங்கே நிற்கும் வண்டியில் உட்கார், இல்லாவிட்டால் வெளியே வந்து உன் வண்டியிலேயே உட்கார். பிடியைச் சுற்றிப் பிடித்ததும் விரல் நுனி துணியில் முட்டுகிறதா? கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே துணி இழுக்கிறதா? உள்ளங்கையில் துணி மடிந்து திரள்கிறதா? அந்த மடிப்பு அரை மணி நேர ஓட்டத்தில் கையில் காய்ப்பு உண்டாக்கும். இரண்டு விரலால் பிரேக் லீவரைப் பிடித்து விட்டுப் பார். பார்க்காமலே கட்டை விரலால் இண்டிகேட்டரைத் தள்ளி, திரும்ப நடுவில் கொண்டுவா. ஹாரன் பட்டனைத் தேடு. இதெல்லாம் தடவித் தடவிச் செய்ய வேண்டியிருந்தால், எவ்வளவு கதகதப்பாக இருந்தாலும் அந்தக் கையுறை உனக்கு ஆகாது. நீ நினைத்திருக்கும் "இருப்பதிலேயே தடியானது" பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கும்.

அப்புறம் அவசரமாகக் கழற்றுவதுபோல் சட்டென்று இழுத்துக் கழற்றிப் பார். மலிவான குளிர்காலக் கையுறைகள் சிலவற்றில் உள்துணியை விரல் நுனியில் சரியாகப் பிடித்துத் தைத்திருக்க மாட்டார்கள், கையோடு உள்துணியும் வெளியே வந்துவிடும். ஈரக் கை என்றால் கேட்கவே வேண்டாம். அதைத் திரும்ப விரல் விரலாக உள்ளே தள்ளுவது பெரிய பாடு. வேலைக்குப் போகிற அவசரத்தில் உனக்கு அந்தத் தொல்லை வேண்டாம்.

மழை பற்றிக் கேட்டிருந்தாய். நீர் புகாத சவ்வு ஒன்று உள்ளே இருக்கிறதா என்று அட்டையில் பார். கோர்-டெக்ஸ் விலை கூடுதல். நடுத்தர விலையில் ஹிப்போரா என்ற பெயர் அடிக்கடி வரும், சில கம்பெனிகள் சொந்தப் பெயரில் ஒன்றை வைத்திருக்கும். ஒரு விஷயம் மட்டும் நினைவில் வை. சவ்வு உள்ளே இருக்கிறது, மேல் தோலோ துணியோ அதற்கு வெளியே இருக்கிறது. மேல்பரப்பு தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டால், கை நனையாவிட்டாலும் குளிரும். தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், அந்த ஈரம் காயும்போதும் சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும். தோல் கையுறைக்கு அவ்வப்போது மெழுகு தடவு. நனைந்துவிட்டால் ஹீட்டர் மேல் போடாதே, தோல் விறைத்து வெடித்துவிடும். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் காயவிடு.

உள்ளே இருக்கும் பஞ்சுக்குத் தின்சுலேட், பிரைமாலாஃப்ட் என்று பெயர் போட்டு, பக்கத்தில் 40, 100, 150 என்று ஓர் எண் இருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு அத்தனை கிராம் என்று அர்த்தம். புறங்கையில் கூடுதலாகவும் உள்ளங்கையில் குறைவாகவும் வைத்திருந்தால் யோசித்துத் தைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள். காற்று அடிப்பது புறங்கையில், லீவரை உணர வேண்டியது உள்ளங்கை.

பனிச்சறுக்குக் கையுறை விலை குறைவு, சூடும் நன்றாக இருக்கிறது, அதையே போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் கலை. விழும்போது நாம் எல்லோரும் முதலில் ஊன்றுவது கையைத்தான், அந்தக் கையுறை தார் ரோட்டில் உரசினால் தாங்காது. மோட்டார் சைக்கிள் கையுறைக்கு ஐரோப்பாவில் ஈஎன் 13594 என்று ஒரு தரம் இருக்கிறது, 2015-ல் வந்த பதிப்பு. உள்ளே தைத்திருக்கும் சீட்டில் வண்டியோட்டி படமும் பக்கத்தில் 1 அல்லது 2 என்றும் இருக்கும். உரசல் சோதனையில் உள்ளங்கைப் பகுதி முதல் நிலைக்கு 4 விநாடி, இரண்டாம் நிலைக்கு 8 விநாடி தாங்க வேண்டும். கேபி என்ற எழுத்துகள் இருந்தால் விரல் முட்டிக் கவசமும் சோதனையில் தேறியிருக்கிறது என்று பொருள். உன் பணத்துக்கு முதல் நிலை கிடைத்தால் போதும், ஆனால் அந்தச் சீட்டே இல்லாததைத் தொடாதே. உள்ளங்கையில் ஆட்டுத்தோல் இருந்தால் நல்லது, மெல்லியதாக இருந்தும் உழைக்கும்.

இவ்வளவும் இருக்கும் கையுறை நடுத்தர விலையிலேயே கிடைக்கும், குளிர்காலம் முடியும் நேரத்தில் இன்னும் இறங்கும். மிச்சப் பணத்தை இன்னும் விலை கூடிய கையுறையில் போடாமல் வேறு இடத்தில் போடச் சொல்வேன். முதலில் கழுத்துக்கு ஒரு சுற்றுத்துணி, நெஞ்சுக்குக் காற்றுப் புகாத ஒரு உள் ஜாக்கெட். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால் உடம்பு முதலில் கை கால் ரத்தக் குழாய்களைத்தான் சுருக்கும், இருக்கும் சூட்டை இதயத்துக்கும் மற்ற உள்ளுறுப்புகளுக்கும் காப்பாற்றி வைக்கும். நெஞ்சு கதகதப்பாக இருந்தால் அதே கையுறையே மேலும் நன்றாக வேலை செய்யும்.

அதற்கு அடுத்து, ஹேண்டில்பாரில் மாட்டும் உறை. பார்க்க நன்றாக இருக்காது, உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் குறைந்த செலவில் இதற்கு ஈடாக எதுவும் இல்லை. காற்று கையைத் தொடவே தொடாது, உள்ளே மெல்லிய கையுறையே போதும், லீவரும் நன்றாகப் புரியும். வாங்கினால் வேகத்தில் காற்று அந்த உறையைப் பிரேக் லீவர் மேல் அழுத்துகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள், மெல்லிய துணியாக இருந்தால் அழுத்தும். கையை வெளியே எடுத்து உள்ளே விடுவதை வண்டி நிற்கும்போதே பழகு. உறை வேண்டவே வேண்டாம் என்றால், கைக்கு முன்னால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் ஹேண்ட்கார்டாவது போடு.

சூடாகும் பிடிகள் நல்லவைதான். ஆனால் அவை உள்ளங்கையை மட்டும் சூடாக்கும், தடித்த உள்ளங்கை உள்ள கையுறைக்குள் அந்தச் சூடு சரியாக வராது. சின்ன வண்டி என்றால் ஆல்டர்னேட்டர் அந்தக் கூடுதல் மின்சாரத்தைத் தருமா என்று மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு போடு. பேட்டரிக் கையுறைக்கு இப்போது போகாதே, விலையும் அதிகம், முழுச் சூட்டில் வைத்தால் இரண்டு மூன்று மணி நேரத்தில் சார்ஜும் தீர்ந்துவிடும்.

ஒன்றை நீ போகிற போக்கில் எழுதியிருந்தாய், எனக்கு மனசில் நின்றுவிட்டது. மோதிர விரலும் சுண்டு விரலும் வெள்ளையாகி, அப்புறம் நீலமாகி, சூடு பட்டதும் சிவந்து எரிகிறது என்று. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேய்னோ 1862-ல் விவரித்த ஒரு கோளாறு இருக்கிறது, அவர் பெயரிலேயே சொல்வார்கள். அதில் விரல் ரத்தக் குழாய்கள் குளிருக்குத் தேவைக்கு மேல் சுருங்கிவிடும், நிறம் இப்படித்தான் மாறும். உனக்கும் அதுதான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கையுறை வாங்கும் முன்பே ஒரு டாக்டரைப் பார்த்துவிடு. இது நீ தள்ளிப்போடுகிற மற்ற விஷயங்கள் மாதிரி இல்லை.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுபடி காலையில் பேப்பர் படிக்கிறார், அதில் உள்ள எழுத்துப் பிழைகளை எனக்கு உரக்கப் படித்தும் காட்டுகிறார். உன்னைப் பற்றி அடிக்கடி கேட்கிறார். நான் பழைய வண்டியையே வைத்திருக்கிறேன், செயின் மட்டும் மாற்றினேன். உன் புது வேலையைப் பற்றி நீ இரண்டு வரிதான் எழுதியிருந்தாய். அங்கே யாராவது உன்னோடு பேசிச் சிரிக்க இருக்கிறார்களா? அதைத் தனியாக எழுது.

டாக்டர் என்ன சொன்னார் என்பதையும், உள்ளங்கை அளவையும் அடுத்த கடிதத்தில் மறக்காமல் எழுது. கடையில் இரண்டுக்கு நடுவே குழம்பினால் வாங்காமல் வந்துவிடு, இரண்டின் பெயரையும் எழுதி அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
வனஜா