கடலோரக் குடிநீர் குறித்து இராமநாதபுரம் மாவட்ட உள்ளாட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

தொண்டி முதல் சாயல்குடி வரையுள்ள கடலோர ஊராட்சிகளிலும், இராமநாதபுரம், கீழக்கரை, இராமேஸ்வரம் நகராட்சிகளிலும் குடிநீர்ப் பொறுப்பை ஏற்றிருக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

நீர்ப் பகுப்பாய்வுக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது உச்சிப்புளிப் பக்கம் குடியிருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். கோடை பிறந்ததும் நம் கரையில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை எப்போது வரும்? 2009 முதல் திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரி நீர் குழாயில் வருகிறது என்றாலும், குழாயின் கடைக்கோடியில் இருப்பவர்களுக்கு வரும் நீர் எவ்வளவு என்பதைத் தெருவோரம் வரிசையில் நிற்கும் தள்ளுவண்டிக் குடங்களே சொல்லும். ஆகவே ஆலை கேட்பவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. என் விண்ணப்பம் ஆலை வேண்டும் என்பதோ வேண்டாம் என்பதோ அன்று. எந்த நீரை, எதை நீக்குவதற்காக, எவ்வகையில் வடிகட்டுவது என்ற தீர்மானத்தை, அந்த நீர் பிறக்கும் இடத்தை யார் காப்பது என்ற தீர்மானத்தோடு சேர்த்தே எடுக்க வேண்டும் என்பதே அது.

இந்தக் கேள்வியைப் பெரிய நகரங்கள் நமக்கு முன்பே சந்தித்திருக்கின்றன. தள்ளிப்போட்டவர்கள் பட்டதும் உண்டு. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் எல்பே ஆற்று நீரை வடிகட்டாமலே குழாய்களில் விட்டு வந்தது. செலவைக் குறித்த வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. 1892இல் காலரா வந்தபோது அந்நகரில் ஏறத்தாழ 8,600 பேர் இறந்தனர். அதை ஒட்டியிருந்த அல்தோனா நகரம், ஹாம்பர்க்கின் சாக்கடையும் கலந்த பிறகு, அதே ஆற்றில் இன்னும் கீழே நீர் எடுத்தது. ஆனால் மணல் படுகையில் வடிகட்டிக் கொடுத்தது. இரு நகரங்களின் எல்லையான தெருவில் ஒரு பக்கத்து வீடுகளில் காலரா இருந்தது, எதிர்ப்பக்கத்து வீடுகளில் இல்லை. மறு ஆண்டே ஹாம்பர்க்கில் வடிகட்டும் நிலையம் இயங்கத் தொடங்கியது. நம் சென்னையிலும் 1872இல் செங்குன்றம் ஏரி நீர் திறந்த கால்வாய் வழியே கீழ்ப்பாக்கம் வந்து, அங்கிருந்து அப்படியே வீடுகளுக்குப் போனது. மணல் வடிகட்டிகள் வந்தது 1914இல்தான். மேற்பரப்பு நீரை எவ்விதக் காப்பும் இன்றிக் கொடுக்கலாம் என்று இன்று யாரேனும் வாதிட்டால் அதை நான் ஏற்கமாட்டேன்.

ஆயினும் நான் விரிவாகச் சொல்ல விரும்புவது நியூயார்க் நகரத்தின் கதையை. எண்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் அந்நகரத்தின் குடிநீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு, வடமேற்கே இருநூறு கிலோமீட்டர் வரை தள்ளியுள்ள கேட்ஸ்கில், டெலவேர் மலைப்பகுதி நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. 1989இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஒரு விதியைக் கொண்டுவந்தது: மேற்பரப்பு நீரைப் பயன்படுத்தும் எந்தக் குடிநீர் அமைப்பும் வடிகட்டியே தர வேண்டும், கலங்கலும் கிருமி அளவும் குறித்த வரம்புக்குள் இருப்பதோடு, நீர்ப்பிடிப்புப் பகுதி தன் கட்டுப்பாட்டில் உள்ளது என்பதையும் மெய்ப்பித்தால் மட்டுமே விலக்கு. வடிகட்டும் நிலையம் கட்ட 600 முதல் 800 கோடி டாலர் வரையும், நடத்த ஆண்டுதோறும் ஏறத்தாழ 30 கோடி டாலரும் ஆகும் என்று அன்றைக்கு மதிப்பிட்டனர். நகரம் கணக்குப் பார்த்தது. அந்தத் தொகையில் ஒரு பங்கை மலைப்பகுதியிலேயே செலவிட்டால் நீர் அழுக்காகாமலே காக்கலாம் அல்லவா?

எண்ணம் நல்லதுதான், அதைத் தொடங்கிய விதம் நல்லதாக இல்லை. அணைகளுக்காக ஊர்களையே மூழ்கடித்து நிலம் எடுத்த நகரத்தின்மீது மலைமக்களுக்குப் பழைய வடு இருந்தது. 1990இல் நகரம் தானாகவே கட்டுப்பாடுகளை வரைந்து மேலிருந்து இறக்கியபோது உழவர்களும் ஊர் மன்றங்களும் கொதித்தெழுந்தனர். அதன் பிறகே பேச்சுவார்த்தை. நகரம், மாநிலம், கூட்டாட்சி அரசு, நீர்ப்பிடிப்புப் பகுதியின் ஊர்கள், சுற்றுச்சூழல் அமைப்புகள் ஆகிய அனைவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1997இல் உருவானது. நிலத்தை விற்க விரும்புபவரிடம் மட்டுமே நகரம் வாங்கும், கட்டாயம் இல்லை. ஓடைக்குள் மாடு இறங்காமல் வேலி போடவும், சாணத்தைச் சேமிக்கும் தொட்டி கட்டவும் நகரம் பணம் தரும். திட்டத்தை உழவர்கள் அமைப்பே நடத்தும். பழுதான கழிவுத்தொட்டிகளையும் ஊர்களின் கழிவுநீர் நிலையங்களையும் நகரத்தின் செலவில் சீர்செய்வார்கள்.

இப்படி நகரத்துக்குக் கிடைத்த வடிகட்டல் விலக்கு நிரந்தரமானது அன்று என்பதையே நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் தந்து, மீண்டும் சோதித்து, மீண்டும் புதுப்பிக்கிறார்கள். தவறினால் ஆலை கட்டியே ஆக வேண்டும். நகரத்துக்கு அருகிலிருந்த க்ரோட்டன் பகுதியில் வீடுகளும் சாலைகளும் நெருங்கிவிட்டதால் அந்த நீருக்கு விலக்கு கிடைக்கவில்லை. பிராங்ஸ் பகுதியில் ஒரு பூங்காவின் அடியில் 300 கோடி டாலருக்கும் மேல் செலவழித்துக் கட்டிய நிலையம் 2015இல் இயங்கத் தொடங்கியது. ஒரே நகரம், ஒரு நீரை வடிகட்டுகிறது, மற்றொன்றை வடிகட்டுவதில்லை. வடிகட்டாத நீரையும் சும்மா விடவில்லை. குளோரினுக்கு அடங்காத கிருமிகளுக்காக, அதைப் புறஊதாக் கதிரில் செலுத்தும் பெரும் நிலையத்தைத் தனியே அமைத்திருக்கிறார்கள்.

வடிகட்டி இருந்தால் கவலை இல்லை என்று எண்ணுவோருக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1993இல் அதே நாட்டின் மில்வாக்கி நகரில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்டனர். அந்நகரம் வடிகட்டிய நீரைத்தான் கொடுத்து வந்தது. நிலையத்திலிருந்து வெளிவந்த நீரின் கலங்கல் உயர்ந்தது அளவீட்டில் தெரிந்தும் உரிய நேரத்தில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. கருவி இருந்தது, அதைப் பார்த்து முடிவெடுக்கும் ஒழுங்குதான் இல்லை.

இனி நம் கரைக்கு வருவோம். நமக்கு மூன்று வகை நீர் உண்டு: ஊருணியில் தேங்கும் மழைநீர், மணல்மேட்டு ஊற்றுநீர், உவர்ப்பேறிய கிணற்று நீரும் கடல்நீரும். மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. சேறும் கிருமியும் மணல் படுகையில் நிற்கும். கரைந்த உப்பு நிற்காது. உப்பை நீக்க இன்று பெரும்பாலும் கையாளும் வழி ஆர்.ஓ. சவ்வு, அதாவது அழுத்தத்தில் நீரைக் கடத்தி உப்பைத் தடுக்கும் மெல்லிய படலம். உப்பே இல்லாத ஊருணி நீரைக் கைவிட்டு, உப்பு நிறைந்த நீரைத் தேடிப்போய் அதற்கு மின்சாரம் செலவழிப்பதைத்தான் நாம் பல ஊர்களில் செய்துகொண்டிருக்கிறோம்.

ஊருணிக்கரையில் செருப்போடு ஏறக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, மாடு இறங்கக்கூடாது என்று ஊர்க்கட்டுப்பாடு வைத்தவர்கள் நம் பெரியவர்கள். கேட்ஸ்கில் உழவனுக்கு நியூயார்க் பணம் கொடுத்துப் போடவைத்த வேலியும் இதே காரணத்துக்காகத்தான். நாம் செலவின்றி வைத்திருந்த அந்தக் காப்பு, குழாய் வந்ததும் தளர்ந்தது. வரத்துக்கால்கள் அடைபட்டன, கரையில் குப்பை விழுந்தது. பானையின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரசிக் கலங்கலைத் தெளியவைத்த வழக்கம் அறிவுடையதே. ஆனால் அது கிருமியை ஒழித்துவிடாது என்பதால் அதைக்கொண்டு திருப்தி அடைய முடியாது. ஊருணியோரம் மெதுவாக வடியும் மணல் வடிகட்டியை அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ரசாயனம் வேண்டாம். மணலின் மேற்பரப்பில் தானாக வளரும் உயிர்ப்படலமே கிருமிகளைப் பெருமளவு நீக்குகிறது. வேகம் தணியும்போது மேல்மணலை ஓரிரு சென்டிமீட்டர் சுரண்டி எடுத்தால் போதும்.

கணக்கையும் வைக்கிறேன். ஒரு சதுர மீட்டர் மணல் பரப்பு, மணிக்கு 100 லிட்டர் என்ற நிதான வேகத்தில், ஒரு நாளைக்கு 2,400 லிட்டர் தரும். 3,000 பேர் உள்ள ஊரில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 10 லிட்டர் என்றால் 30,000 லிட்டர், அதற்கு 12.5 சதுர மீட்டர் போதும். ஒன்றைச் சுத்தம் செய்யும்போது மற்றொன்று ஓட வேண்டும் என்பதால் அதே அளவில் இரண்டு கட்டினாலும் அது பெரிய கட்டடம் ஆகாது. களிமண் தரையில் அமைந்த ஊருணிகளில் ஐப்பசி, கார்த்திகையில் கலங்கல் மிகும். அங்கே முன்னதாகச் சரளைக்கல் தொட்டி ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் மணல் நாள்தோறும் அடைத்துக்கொள்ளும். கடைசியில் சிறிது குளோரின் சேர்ப்பதையும் விடக்கூடாது.

மணல்மேட்டு ஊற்றுநீர் வேறு வகை. மண்டபம், இராமேஸ்வரம் பகுதிகளில் மழைநீர், கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் இருந்தால் அடியில் ஏறத்தாழ நாற்பது மீட்டர் நன்னீர் இருக்கும் என்பது பொது விதி. ஆகவே மேலே ஒரு சாண் உறிஞ்சினால் கீழிருந்து பல மடங்கு உப்பு ஏறும். சிரட்டையால் சேந்துவதற்கென்று இயற்கை தந்த ஊற்றில் ஆழ்குழாய் இறக்கி லாரியில் ஏற்றினால், பிறகு அதற்கும் சவ்வு தேடுவோம்.

உவர்நீர் மட்டுமே உள்ள ஊர்களுக்கு ஆர்.ஓ. தவிர வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நரிப்பையூரில் நாளொன்றுக்கு 38 லட்சம் லிட்டர் அளவில் கடல்நீர் ஆலை அமைத்த அனுபவம் இம்மாவட்டத்துக்கு உண்டு. குதிரைமொழியில் 6 கோடி லிட்டர் ஆலை பேசப்பட்டு வருகிறது. கடல்நீரில் ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் தேவை. அந்த அளவு ஆலைக்கு நாள்தோறும் ஏறத்தாழ இரண்டு லட்சம் யூனிட் ஆகும். எடுத்த நூறு லிட்டரில் ஏறத்தாழ நாற்பதுதான் நன்னீராகும். மிச்சம், ஒன்றரை மடங்குக்கும் மேலான உப்போடு கடலுக்குத் திரும்பும். அது எங்கே விழும்? 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளும் பவளப்பாறைகளும் கடற்புற்களும் உள்ள நீரிலா, ஆழம் குறைந்த பாக் நீரிணையிலா? கரைவலை இழுப்பவரும் கடல்பாசி எடுக்கும் பெண்களும் அங்கேதான் பிழைக்கிறார்கள். நியூயார்க்கின் மலை உழவர் இருந்த இடத்தில் நம் கரையில் அவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் அவர்களுக்கும் கையெழுத்து இருக்க வேண்டும். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஒரு நாள் பேசவிடுவது அதற்கு ஈடாகாது.

ஆலை வந்த பிறகும் ஊருணியைத் தூர்க்க எவரும் ஒப்புதல் தரக்கூடாது. 2018இல் கஜா புயல் அடித்தபோது நமக்கு வடக்கே புதுக்கோட்டை, நாகை மாவட்டங்களில் எத்தனையோ ஊர்கள் வாரக்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. மின்சாரம் இல்லாத நாளில் சவ்வு ஒரு சொட்டும் தராது.

ஆகவே ஒவ்வொரு மன்றத்திலும் தீர்மானமாக நிறைவேற்றும்படி வேண்டுவது இதுதான். நீரின் மூலம், அதைக் காப்பவர், காப்பதற்கு அவருக்குக் கிடைப்பது, பராமரிப்புக்கு ஆண்டுதோறும் ஒதுக்கும் தொகை ஆகிய நான்கும் எழுத்தில் இல்லாத எந்த வடிகட்டும் திட்டத்துக்கும், அது மணலானாலும் சவ்வானாலும், ஒப்புதல் தராதீர்கள்; தந்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை திரும்பச் சோதித்துப் புதுப்பிக்கும் நிபந்தனையோடு தாருங்கள். அதற்கு முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஊருணி, ஊற்று, குழாய், ஆர்.ஓ. ஒவ்வொன்றின் கலங்கல், உப்பு, கிருமிச் சோதனை முடிவை மாதந்தோறும் ஊராட்சி அலுவலகப் பலகையில் தேதியோடு எழுதி வையுங்கள். கேட்கும் ஊர்களுக்கு வந்து மாதிரி எடுக்கும் முறையைக் கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீர்ப் பகுப்பாய்வாளர் ஒருவர்,
உச்சிப்புளி.