‘அசந்துட்டேன். எடுக்கலை’ – ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்றுதான் காதுக்குள் அடைத்திருந்த துணியை எடுத்தார்கள். மஞ்சள் மருந்தில் ஊறிய நீளமான நாடா. திருவிழாவில் வித்தை காட்டுபவர் வாயிலிருந்து ரிப்பன் உருவுவாரே, அந்த மாதிரி இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. மூன்று வாரமாக இரவில் இடது இமையைப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிக்கொண்டுதான் படுத்தேன். நேற்று ராத்திரி பிளாஸ்திரி இல்லை, கண் தானாக மூடியது. வாய் மட்டும் இடது பக்கம் இன்னும் கொஞ்சம் சோம்பலாக இருக்கிறது. சரி, அதுவும் வரும் என்கிறார்கள்.

என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு அந்தப் பாதிப் பேர் சொல்லியிருப்பீர்கள். ராத்திரி ஆய்வகத்தில் இருந்தபோது முகம் ஒரு பக்கம் கோணிவிட்டது, மதுரையில் இடது காதில் அறுவை செய்தார்கள். அதற்குமேல் எழுத எனக்குத் தெம்பு இல்லை. நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆறப்போட்டால் சொல்லாமலே போய்விடுவேன்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன். அன்று ராத்திரி காரை எடுத்துக்கொண்டு திருப்பத்தூர், மேலூர் வழியாக மதுரை வரை ஒரு இடத்திலும் நிறுத்தாமல் ஓட்டிய நண்பனுக்கு. பின் சீட்டில் என் தலையைத் தாங்கிக்கொண்டு வந்த என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு. காப்பீட்டு அட்டைக்காக ரேஷன் கார்டையும் வருமானச் சான்றிதழையும் தேடி எடுத்து விடிவதற்குள் கொண்டுவந்து சேர்த்த சித்தப்பாவுக்கு. நுண்ணோக்கியில் கண்ணை வைத்தபடி நாலு மணி நேரம் என் காதெலும்பைக் குடைந்த மருத்துவருக்கும் அவருடைய குழுவுக்கும். வைரத்தூள் பதித்த குமிழ் முனையால், முக நரம்பு ஓடுகிற இடத்துக்கு மயிரிழை பக்கத்தில் குடைவது என்றால் என்ன என்பதை, நல்லவேளை, அறுவை முடிந்த பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மயக்கம் தெளிந்ததும் அவர் கேட்டது மூன்றே விஷயம்: “கண்ணை இறுக்கி மூடு. கன்னத்தை உப்பு. பல்லைக் காட்டு.” ஒன்றும் சரியாக வரவில்லை. “பரவாயில்லை, நரம்பு அறுபடாம இருக்கு” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் முதல் வாரத்தைத் தள்ளினேன்.

தேவகோட்டை அத்தைக்குத் தனியாக ஒரு வரி. மெல்ல முடியாதவனுக்கு எது ஒத்துவரும் என்று யோசித்துக் கும்மாயம் கிண்டிக் கொண்டுவந்தார். வறுத்த உளுந்து மாவு, கருப்பட்டி, நெய் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஆனால் நாக்கின் இடது பக்கத்தில் மட்டும் பழைய சில்லறைக் காசைச் சப்பின மாதிரி ஒரு ருசி. நாக்கின் முன்பகுதிக்குச் சுவை கொண்டுபோகும் நரம்பு நடுக்காதின் குறுக்கே ஓடுகிறதாம், அறுவையில் அது தொந்தரவுக்கு ஆளாவது சகஜமாம். அத்தையிடம் சொல்லவில்லை. வலது பக்கமாக ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டேன். அத்தை, இதைப் படித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். வலது பக்கம் அமிர்தம்.

இனி இந்த மடலை எழுத வைத்த ஆளைப் பற்றி.

எங்கள் துறைக் கட்டடத்தின் இரவுக் காவலர். ‘பேரெல்லாம் போட வேணாம் தம்பி’ என்று கறாராகச் சொல்லிவிட்டார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர். அந்தச் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. எனக்கோ இடது காது பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே சீழ். ஊருணியில் முங்கி முங்கிக் குளித்தது ஒரு காரணம் என்றால், காதுக்குள் எட்டிப்பார்க்காமலே சொட்டு மருந்து எழுதிக் கொடுத்த ஒரு கிளினிக்கை வருடக்கணக்கில் நம்பியது இன்னொரு காரணம். ஆக, நாங்கள் இரண்டு பேரும் பேசினால் கட்டடமே கேட்கும். ஜூனியர் பசங்க எங்களை மாதிரியே பேசிக் காட்டுவார்கள்.

என் ஆராய்ச்சி பற்றித் தெரியாதவர்களுக்கு: கிழங்கு எடுத்தபின் தூக்கிப் போடுகிற பனங்கொட்டை ஓட்டைப் பொசுக்கி, காரம் (ஆல்கலி) சேர்த்து, நைட்ரஜன் ஓட்டத்தில் 800 டிகிரியில் சுட்டு, கழுவிக் கழுவிக் கரியாக்குகிறேன். சாயத் தண்ணீரை அந்தக் கரி வழியாக விட்டால் சாயம் கரியில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்து வெளியே வரும். இப்படிச் செய்கிற கரிக்கு ஆக்டிவேட்டட் கார்பன் என்று பேர். அது நல்லதாக இருந்தால் ஒரு கிராமுக்குள் ஆயிரம் சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கும். நம் செட்டிநாட்டு வீடு ஒன்றின் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாவற்றையும் ஒரு சிட்டிகைக் கரிக்குள் மடித்து வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அத்தனை அறையிலும் சாயம் குடியேறி இடம் நிரம்பியதும், வெளியே வருகிற தண்ணீரில் நிறம் தட்ட ஆரம்பிக்கும். அது எந்த மணிக்கு, எவ்வளவு வேகத்தில் என்பதுதான் சோதனை. 48 மணி நேரம், மணிக்கு ஒரு பாட்டில். மூன்று வாரம் பாடுபட்டுச் செய்த கரியில் மிச்சமிருந்த கடைசி இரண்டு கிராம் அன்று கண்ணாடிக் குழாயில் இருந்தது. காலை ஒன்பதுக்குப் பம்பைப் போட்டேன். ராத்திரி எட்டு மணிக்கு 11ஆவது பாட்டில் எடுக்கும்போதுதான் என் முகம் கோணியது.

என்னைத் தூக்கிக்கொண்டு போகும்போது வாசலில் நின்ற அண்ணனிடம் நான் சொன்னது நினைவிருக்கிறது: “அண்ணே, பம்பை நிறுத்திருங்க.” வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அவருக்கோ காது அப்படி. அவர் காதில் விழுந்தது ‘நிறுத்திருங்க’வா ‘நிறுத்திராதீங்க’வா என்று அவருக்கே தெரியவில்லை. பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு வந்தபோது கேட்டேன். அவர் சொன்ன கணக்கு இது: “நிறுத்திப்புட்டா திரும்ப விட்ட எடத்துலேர்ந்து போட முடியாதுன்னு நீங்கதான் ஒரு தடவ சொன்னீங்க. ஓடவிட்டா எப்ப வேணா நிறுத்திக்கலாம். அதான் விட்டுட்டேன்.”

விட்டது மட்டுமல்ல, ஒன்பது மணிக்கு 12ஆவது பாட்டிலை எடுத்துப் பிடித்திருக்கிறார். நான் எண் ஒட்டி வரிசையாக வைத்திருந்ததையும், எப்படிப் பிடிக்கிறேன், எப்படி மூடுகிறேன் என்பதையும் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறார். இரண்டு இரவு, மணிக்கு ஒரு தடவை மாடி ஏறியிருக்கிறார். டியூட்டி முடிவது எட்டு மணிக்கு. இரண்டு நாளும் ஒன்பது மணி பாட்டிலையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். நடுவில் பகல் நேரத்தை ஜூனியர்கள் பார்த்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் நன்றி. விதிப்படி பார்த்தால் ஆய்வகத்தில் அவர் கை வைத்தது தப்பு என்று யாராவது சொல்லக்கூடும். சொல்பவர்கள் என்னிடம் வந்து சொல்லுங்கள்.

அப்புறம் அந்த நோட்டு. நாற்பது பக்கப் பள்ளிக்கூட நோட்டு, பேரனுடையதாக இருக்க வேண்டும், முதல் பக்கத்தில் இரண்டாம் வாய்ப்பாடு. நிறத்தை அளக்கிற கருவி பூட்டிய அறையில் இருந்தது. அதனால் கண்ணால் பார்த்ததை அவர் பாட்டுக்கு எழுதி வைத்திருக்கிறார். முதல் இரவு முழுக்க ‘நல்ல தண்ணி’, ‘நல்ல தண்ணி’. இரண்டாம் இரவு பத்து மணி, பாட்டில் 37: ‘லேசா ஏதோ தெரியுது. என் கண்ணா இருந்தாலும் இருக்கும்.’ 39: ‘வேட்டிக்கு நீலம் போட்டு மூணாவது தடவ அலசுன தண்ணி.’ 41: ‘ரெண்டாவது தடவ அலசுனது.’ அதற்குக் கீழே: ‘2.10 கரண்ட்டு போச்சு. பம்பு நின்னுச்சு. 2.35 வந்துச்சு.’ 45: ‘சங்குப்பூ.’ 48: ‘உள்ள போறதும் வெளிய வர்றதும் ஒண்ணுபோல இருக்கு.’

43க்கு நேராக இப்படி: ‘4 மணி. அசந்துட்டேன். எடுக்கலை. 4.40க்கு எடுத்தது வேற பாட்டில்ல இருக்கு.’

43ஆம் பாட்டில் காலியாகவே இருந்தது. பக்கத்தில் எண் ஒட்டாத ஒரு பாட்டில், அதில் பேனாவால் 4.40.

போன வாரம் ஜூனியர்கள் எல்லாப் பாட்டிலையும் நிறத்தை அளக்கிற கருவியில், 664 நானோமீட்டர் ஒளியில் அளந்து எனக்கு அனுப்பினார்கள். நிறம் முதலில் தட்டுப்பட்டது 37இல்தான். அவர் கண் பொய் சொல்லவில்லை. கரண்ட் போன இருபத்தைந்து நிமிடத்தைக் கழித்துப் புள்ளிகளை வைத்ததும் கோடு வளைந்து, எஸ் மாதிரி அழகாக ஏறியது. அந்த 2.10 குறிப்பு இல்லாதிருந்தால் 41க்குப் பிறகு ஒவ்வொரு புள்ளியும் தள்ளி விழுந்திருக்கும், நானும் கரியில்தான் கோளாறு என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒற்றைக் கண்ணை மூட முடியாமல் அழுதது அந்தக் கோட்டைப் பார்த்து இல்லை. ‘அசந்துட்டேன்’ என்ற சொல்லைப் பார்த்துத்தான். 4.40க்குப் பிடித்த தண்ணீரை 43இல் ஊற்றி மூடியிருந்தால் யாருக்குத் தெரியும்? அவரை யார் கேட்கப் போகிறார்கள்? சம்பளத்தில் சேராத வேலை, யாரும் ஏவாத வேலை.

இதை எழுதுவதா வேண்டாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். இரண்டாம் வருடம் இதே மாதிரி ஒரு சோதனையில் நானும் தூங்கிப்போனேன். அந்த மணிக்கு எழுந்து எடுத்த மாதிரி, முன்னும் பின்னும் இருந்த புள்ளிகளுக்கு நடுவே கண்ணளவில் ஒரு புள்ளி வைத்தேன். கருத்தரங்கச் சுவரொட்டி ஒன்றில் அது இருக்கிறது. பெரிய முடிவு எதுவும் அதனால் மாறவில்லை என்று எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். சென்ற திங்கள்கிழமை என் பேராசிரியரிடம் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அந்தச் சோதனையைத் திரும்பச் செய்கிறேன் என்றேன், தலையாட்டினார். ஆய்வேட்டில் 43ஆம் புள்ளி இருக்காது, 4.40க்குத்தான் புள்ளி. அந்த நோட்டின் பக்கம் அப்படியே படமாகப் பின்னிணைப்பில் வரும். பேரை எழுத வேண்டாம் என்றவர் கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

நம்மூரில் கொடை என்றால் பெரிய எண்களாகத்தான் பேசுவோம். சிக்ரிக்கு (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரும் 15 லட்சமும் காரைக்குடியில் டீக்கடைப் பையனுக்கும் மனப்பாடம். எனக்கும் அது பெருமைதான், அவர் மாதிரி ஆட்கள் இல்லாமல் இங்கே என்னைப் போல ஒருவன் கரியைச் சுட்டுக்கொண்டு இருந்திருக்க மாட்டான். அந்த வரிசையில் இந்த நாற்பது பக்க நோட்டை எங்கே வைப்பது என்றுதான் புரியவில்லை.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கட்டிலில் ஏழெட்டு வயதுப் பையன். பிறவியிலேயே காதின் முன்னால் ஊசிமுனை அளவில் ஒரு துளை, அதில் அடிக்கடி சீழ் வைத்து அறுவை செய்திருந்தார்கள். கட்டு மாற்றும்போது பார்த்தால் தோலில் நீலக் கறை. துளை உள்ளே எங்கெங்கே ஓடுகிறது என்று தெரிவதற்காகச் சாயத்தைச் செலுத்திவிட்டு அறுப்பார்களாம். என்ன சாயம் என்று நர்ஸிடம் கேட்டேன். மெத்திலீன் புளூ! 1876இல் உருவான சாயம், 1891இலேயே மலேரியாவுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். அதைத் தண்ணீரிலிருந்து எடுக்க நாலு வருடமாக நான் படாத பாடு படுகிறேன், இங்கே ஊசியில் ஏற்றுகிறார்கள். சிரித்தேன். பாதி வாயால் சிரித்ததைப் பார்த்து அந்தப் பையன் என்னைவிட அதிகமாகச் சிரித்தான். அவனுக்கும் நன்றி.

இன்னும் கொஞ்ச நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது, மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மினால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இடது காதில் கேட்பது எவ்வளவு திரும்பும் என்பது அடுத்த மாதப் பரிசோதனையில் தெரியும். அதற்கு மதுரை போகும்போது அண்ணனையும் கூட்டிப்போய் அவர் காதையும் காட்டப் போகிறேன். ‘இந்த வயசுல எனக்கு எதுக்கு தம்பி’ என்று ரொம்ப நேரம் இழுத்துவிட்டு, கடைசியில் வருகிறேன் என்றார். நான் சொன்ன தேதி அவர் காதில் சரியாக விழுந்ததா என்று சந்தேகமாக இருந்தது. அதனால் அவருடைய நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன், 48க்குக் கீழே.