தபால் பெட்டியில் அப்பா பெயர்

டுரின், இத்தாலி, செப்டம்பர் 6, 2024

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், கூடப் படிக்கிற எல்லோருக்கும்,

இன்று காலை டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, இனி ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார். 4-ஆம் நம்பர் டிராமில் திரும்பி வரும்போதே இதை எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். ஒரு வாரம் தள்ளிப்போட்டால் நானும் பழையபடி எக்ஸாம், வாடகை என்று ஓட ஆரம்பித்துவிடுவேன்.

ஜூலை 29 ராத்திரி ஆம்புலன்சில் போய், வயிற்றில் தையலோடு பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்களுக்குத் தெரியும். நம் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டிருந்த செய்திகளை வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுவதும் வாசித்தேன். எனக்கே தெரியாத விஷயமெல்லாம் அதில் இருக்கிறது. அதனால் அந்தக் கதை இங்கே வேண்டாம்.

முதலில் மொத்தமாக ஒரு கும்பிடு. ஆம்புலன்ஸ் வரும்வரை 112-இல் எனக்காக இத்தாலியனில் பேசிக்கொண்டே இருந்த சீனியர் அண்ணனுக்கு. ஆகஸ்ட் 15, ஃபெர்ராகோஸ்தோ என்கிற கோடை விடுமுறை நாளன்று, ஊரே கதவைச் சாத்திவிட்டுக் கடலுக்குப் போயிருந்தபோது ஃபிளாஸ்கில் மிளகு ரசமும் டப்பாவில் குழைந்த சோறும் கொண்டுவந்த யாழ்ப்பாணத்து அண்ணிக்கு. என் சார்ஜரைத் தேடி எடுத்து வந்தவருக்கு. 'வலிக்கிறதா' என்று தமிழில் கேட்கக் கற்றுக்கொண்டு தினமும் தப்பாகவே கேட்ட ராத்திரி நர்சுக்கு. முகம்கூடப் பார்த்திராமல் ஐந்தும் பத்துமாகப் பணம் அனுப்பிய பதுவா, பொலோன்யா, மிலான் பிள்ளைகளுக்கு. டாக்ஸி, மருந்து, ஒரு மாத வாடகை போக 340 யூரோ மிச்சம் இருந்தது. அதைக் குழுப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டேன். அடுத்து யாருக்குத் தேவையோ அவர்களுக்கு ஆகட்டும். கணக்குச் சீட்டு குழுவில் இருக்கிறது.

ஜனவரியில் அரசு மருத்துவச் சேவையில் பதிந்துகொள்ளச் சொல்லி நச்சரித்த அக்காவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 வரை மாணவர்களுக்கு 149 யூரோ சொச்சமாக இருந்த கட்டணம் 2024-இல் 700 ஆனது. அதுவும் காலண்டர் வருடத்துக்குத்தான். செப்டம்பரில் வந்து சேர்ந்தாலும் முழுத் தொகை. கட்டும்போது நான் திட்டாத திட்டில்லை. அக்கா, பத்தொன்பது நாள் படுக்கைக்கு எனக்குப் பில் என்று ஒரு தாள்கூட வரவில்லை. திட்டியதை எல்லாம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி நான் எழுத நினைத்ததற்கு வருகிறேன். இது உங்களில் யாருக்கும் தெரியாது.

ஊரில் என் பெயர் அ. இசக்கி. இங்கே அந்த 'அ.' செல்லாது. எந்தப் படிவத்தை எடுத்தாலும் நோமே, கொஞோமே என்று இரண்டு கட்டம். முதலாவது நம் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட் எடுக்கும்போதே அப்பா பெயரை அந்தக் கட்டத்தில் போட்டாயிற்று. ஆக இந்த நாட்டில் நான் மிஸ் அருணாச்சலம். அதையாவது ஒழுங்காகச் சொல்வார்களா? ரோஸ்ஸி, ஃபெர்ராரி என்று இவர்கள் குடும்பப் பெயர்கள் நிறைய 'இ'-யில் முடிவதால் 'இசக்கி'தான் குடும்பப் பெயர் என்று சிலர் மாற்றி எழுதிவிடுவார்கள். சரியான கட்டத்தில் எழுதுகிறவர்களும் தப்பாகத்தான் வாசிப்பார்கள். ஆங்கில எழுத்தில் சி, ஹெச் சேர்ந்தால் நமக்கு 'ச'. இத்தாலியனில் அது 'க'. அப்பா இங்கே அருணாகலம் ஆகிவிட்டார். பல்கலைக்கழக அலுவலகத்தில் அருணாகலம், வாய்மொழித் தேர்வு வரிசையில் அருணாகலம், ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளியவர் வாயிலும் அருணாகலம். முதல் இரண்டு மாதம் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

ஜூலை முதல் தேதி டுரினிலேயே பர்ரியேரா டி மிலானோ என்கிற பகுதியில் இந்த வீட்டுக்கு மாறினேன். புது வீட்டுக்குப் போனால் முதல் வேலையாகக் கீழே தபால் பெட்டியில் பெயர்ச்சீட்டு ஒட்ட வேண்டும் என்று சீனியர்கள் எல்லோரும் சொல்வீர்கள். பெட்டியில் பெயர் இல்லை என்றால் தபால்காரரைப் பொறுத்தவரை அப்படி ஓர் ஆளே இல்லை. 'தெரியாதவர்' என்று எழுதிக் கடிதம் வந்த வழியே போய்விடும். எனக்கு எக்ஸாம். நாளைக்கு, நாளைக்கு என்றே ஜூலை போய்விட்டது. பெட்டியில் முன்பு குடியிருந்தவர் பெயர்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் ஊரிலிருந்து ஒரு பதிவுத் தபால் வந்துகொண்டிருந்தது. இரண்டாம் வருட உதவித்தொகைக்கான 'ஈசே' என்கிற குடும்ப வருமான, சொத்துக் கணக்குக் காகிதங்கள். அனுபவித்தவர்களுக்குத் தெரியும்: குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு என்ன வருமானம், டிசம்பர் 31 அன்று வங்கியில் எவ்வளவு, வீடு எத்தனை சதுர மீட்டர், எல்லாவற்றுக்கும் சான்றிதழ், அதற்கு மேல் வெளிநாட்டில் செல்லுபடியாக 'அப்போஸ்டில்' முத்திரை, அதற்கு மேல் இத்தாலியன் மொழிபெயர்ப்பு. "ஏட்டி, நம்ம வீட்டு நீள அகலம் இத்தாலிக்காரனுக்கு எதுக்கு?" என்றார் அப்பா. வெளிநாட்டு வீட்டுக்குச் சதுர மீட்டருக்கு 500 யூரோ என்று இவர்களே மதிப்புப் போட்டுக்கொள்வார்கள் என்றேன். கணக்குப் பார்த்தால் எங்கள் ஓட்டு வீடு முப்பது லட்சத்தைத் தாண்டியது. "அந்த வெலைக்கு அவனையே வாங்கிக்கிடச் சொல்லு" என்றார். தாசில்தார் அலுவலகத்துக்கும் சென்னைக்குமாக இரண்டு மாதம் அலைந்து வாங்கி, அம்பாசமுத்திரம் தபாலாபீஸில் கொண்டுபோய்ப் போட்டார். கூரியரில் அனுப்பச் சொன்னதைக் கேட்கவில்லை. கூரியர்க்காரன் கடையை மூடிவிட்டுப் போவானாம், தபாலாபீஸ் எங்கே போகும்?

நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னை அரித்ததே இந்தத் தபால்தான். உங்களிடம் சொல்லவில்லை. உயிர் பிழைத்ததே பெரிது என்று நீங்கள் இருக்கும்போது, உதவித்தொகை போய்விடுமே என்று எப்படிச் சொல்வது? அது போனால் அடுத்த வருடம் இல்லை. அப்பாவிடம் மறுபடி இரண்டு மாதம் அலையச் சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் கட்டடத்தில் தரைத்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறார். வயது எழுபத்தேழு. எந்நேரமும் முற்றத்து ஜன்னலில்தான் இருப்பார். நேரில் ஸிஞோரா என்றுதான் கூப்பிடுவேன், மனசுக்குள் ஆச்சி. குடிவந்த மூன்றாம் நாளே எனக்கு வசவு கிடைத்தது அவரிடம்தான். காய்கறிக் கழிவை பிளாஸ்டிக் பையோடு கட்டிப் பிரவுன் தொட்டியில் போட்டுவிட்டேன். மக்கும் பையில்தான் போட வேண்டும் என்பது தெரியும், கையில் இல்லை. ஆச்சி அந்தப் பையைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து, என் கறிவேப்பிலைக் காம்பையும் கத்தரிக்காய்த் தோலையும் அம்பலத்தில் வைத்து விசாரித்தார். கட்டட நிர்வாகியிடம் எழுதிக் கொடுக்கப்போகிறேன், உன் பெயர் என்ன என்றார். சொன்னேன். இன்னொரு தரம் சொல் என்றார். சொன்னேன். மூன்றாம் தரமும் சொல்லச் சொல்லி, உதட்டை அசைத்து முனகிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினார். அன்றிலிருந்து அவர் ஜன்னலைக் கடக்கும்போதெல்லாம் குனிந்துகொண்டே போவேன்.

ஆகஸ்ட் 17 சனிக்கிழமை வீட்டுக்கு வந்தேன். கூட இருக்கிற ஈரானியத் தோழி என் பையைத் தூக்கிக்கொண்டு முன்னே போனாள். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால். தபால் பெட்டிகளுக்கு முன்னால் மூச்சு வாங்க நின்றேன். எங்கள் பெட்டியில் ஒரு துண்டு அட்டை. பாஸ்தா டப்பாவிலிருந்து வெட்டியது, ஓரத்தில் நீல நிறம் தெரிந்தது. இரண்டு பக்கமும் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. நடுவில் நடுங்கிய கையால் பெரிய எழுத்தில் அப்பா பெயர்.

எழுத்து தப்பு. சி, ஹெச், ஏ இருக்க வேண்டிய இடத்தில் சி, ஐ, ஏ என்று இருந்தது. யாரோ தெரியாமல் எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே வாசித்தேன். இத்தாலியன் மாதிரி வாசித்தேன். 'ச்சாவ்' என்று இவர்கள் சொல்கிறார்களே, அந்த 'ச்சா'வை எழுதுவது இப்படித்தான். அ-ரு-ணா-ச்-சா-லம். இந்த நாட்டில் என் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பார்த்து எழுதிய ஒருவர் விடாமல் எல்லோரும் எழுத்தைச் சரியாக எழுதி அப்பாவை அருணாகலம் ஆக்கினார்கள். ஆச்சி எதையும் பார்க்கவில்லை, குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று காதால் கேட்டார். கேட்டபடி எழுதியிருக்கிறார்.

பத்தொன்பது நாளில் அழவில்லை. அழுதால் தையல் இழுக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், பெட்டி முன்னால் நின்று விசும்பினேன். தோழி பயந்துபோய், வலிக்கிறதா, திரும்பப் போய்விடுவோமா என்கிறாள். பெட்டியைத் திறந்தோம். உள்ளே மின் கட்டணச் சீட்டு, சூப்பர் மார்க்கெட் விளம்பரம், அவற்றுக்கு அடியில் ஆகஸ்ட் 9 தேதியிட்ட தபால் அறிவிப்பு. ஆள் வந்து வாங்கும்வரை பதிவுத் தபாலை நிலையத்தில் 30 நாள் வைத்திருப்பார்கள். திங்கள்கிழமை நான் எழுதிக்கொடுத்த கடிதத்தையும் அடையாள அட்டை நகல்களையும் கொண்டுபோய்த் தோழி வாங்கிவந்தாள். பழுப்பு உறை, அப்பாவின் சாய்ந்த கையெழுத்து, மேலே நூல் கட்டி அரக்கு. போன வாரம் விண்ணப்பம் போய்விட்டது.

படியிறங்க முடிந்த அன்று ஆச்சி ஜன்னலுக்குப் போனேன். நடந்ததை இரண்டே வரியில் சொன்னார். தபால்காரர் உறையைப் பார்த்துவிட்டு இங்கே அப்படி யாரும் இல்லை என்றாராம். இருக்கிறாள், நான்காம் மாடி, ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்றாராம் இவர். பெட்டியில் பெயர் இல்லையே, ஸிஞோரா என்றாராம் அவர். பொறு என்றுவிட்டு ஆச்சி உள்ளே போய், அட்டையை வெட்டி, எழுதி, ஒட்டிவிட்டு, இப்போது இருக்கிறதா என்றாராம். அவ்வளவுதான். மொத்தம் ஐந்து நிமிடம் இருக்குமா?

ஏன் செய்தீர்கள் என்று கேட்கக்கூடாதுதான், கேட்டுவிட்டேன். அவர் 1964-இல் இத்தாலியின் தெற்கில் உள்ள கலாப்ரியாவிலிருந்து ராத்திரி ரயிலில் வந்தவர். அந்தக் காலத்தில் ஃபியட் வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்தவர்களால்தான் இந்த ஊர் வீங்கியது. 1961 கணக்கெடுப்பிலேயே டுரின் 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 'தெற்கத்தியாருக்கு வீடு கிடையாது' என்று அட்டை தொங்கிய காலமும் அதுதான். அவர் புருஷனுக்கு ஃபியட்டின் மிராஃபியோரி கார் ஆலையில் வேலை, ஆனால் இருக்க வீடு இல்லை. ஒரு தூரத்து உறவினர் அறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்களாம். தெருமுனை காபிக் கடை முகவரிக்குத்தான் அம்மாவின் கடிதம் வருமாம், கடைக்காரன் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பானாம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கவெல்லாம் இல்லை. அந்தக் கடைக்காரன் மேல் இன்னும் கோபம்தான் இருந்தது.

நன்றி என்றேன். நன்றி இருக்கட்டும், பை வாங்கினாயா என்றார்.

வாங்கிவிட்டேன், ஆச்சி. ஒரு கட்டே வாங்கி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நீங்கள் வாசிக்கப்போவதில்லை, ஆனாலும் நான்கு பேர் முன்னால் உங்களைச் சொல்ல வேண்டும் என்றிருந்தது. வீட்டுக்காரர் இப்போது பெயரை அச்சடித்து பிளாஸ்டிக்கில் அழகாகப் போட்டுக் கொடுத்திருக்கிறார், எழுத்துப் பிழை இல்லாமல். அதை அட்டைக்குக் கீழே ஒட்டியிருக்கிறேன். அட்டையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன். எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, "எவன்டி எம்பேர இப்படி எழுதுனது?" என்றார். போனில் விளக்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, அந்த அம்மாவுக்குச் சுகர் உண்டா, கருப்பட்டி அனுப்பலாமா என்று கேட்டார்.

இந்த மாதக் கடைசியில் புதுப் பிள்ளைகள் வந்து இறங்குவீர்கள். உங்களிடம் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். குழுவில் உங்கள் முகவரியைப் போடுங்கள். நானே வந்து உங்கள் பெட்டியில் பெயர் ஒட்டிவிட்டுப் போகிறேன். டிராம் போகிற இடமாக இருந்தால் போதும், படி ஏறுவதற்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும். பெயரை என்னிடம் மூன்று தரம் சொல்ல வேண்டும்.

நாளை மறுநாள் ஞாயிறு. முற்றத்தில் ஆச்சி வீட்டில் தக்காளிச் சாறு காய்ச்சி வருடத்துக்கும் புட்டிகளில் அடைக்கிறார்கள். மகள், மருமகன், பேரன்கள் எல்லோரும் வருகிறார்கள். போர்தா பலாஸோ சந்தையிலிருந்து நாற்பது கிலோ வந்து இறங்கியாயிற்று. எனக்கும் அழைப்பு, காலை ஏழு மணிக்கு. எதையும் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு புட்டிக்குள்ளும் ஒரு துளசி மாதிரி இலை போடும் வேலை. இவர்கள் அதை பஸிலிகோ என்கிறார்கள். பழைய சட்டை போட்டுக்கொண்டு வா என்று இரண்டு தரம் சொல்லிவிட்டார். தேடி எடுத்து வைக்க வேண்டும்.

அன்புடன்,
அ. இசக்கி