யாருக்கும் பரிசு கொடுக்கவே இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

பரிசுக்காக எழுதினால் கவிதை கெடும் என்று சென்ற ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்தது. என் பேத்தி படிக்கும் பள்ளியில் அதை நகலெடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்கள். இந்த வருடம் கவிதைப் போட்டி உண்டு, பரிசு கிடையாதாம். ‘99.5 சதவீதம் உறுதி’ என்ற வரிக்கு அடியில் சிவப்புக் கோடு வேறு. 31 வருடம் கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவள் நான். கோட்டைப் பார்த்ததும் என் கையும் சிவப்புப் பேனாவைத் தேடியது.

கட்டுரை சான்றாகக் காட்டியது, அமெரிக்க உளவியலாளர் தெரசா அமபிலி 1985இல் வெளியிட்ட ஆய்வை. அதன் இரண்டு குழுக்களை வைத்துத்தான் வகுப்பில் டி-சோதனை சொல்லித்தருவேன்; இரண்டு சராசரிகளின் வித்தியாசம் தற்செயலாக வரக்கூடியதா என்று பார்க்கும் கணக்கு அது. எழுதிப் பழகிய 47 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் சமவாய்ப்பு முறையில் பிரித்தார்கள். 24 பேரின் தாளில், சொற்களோடு விளையாடப் பிடிக்கும் என்பது மாதிரி, எழுதுவதற்கான காரணங்கள். 23 பேரின் தாளில், ஆசிரியரிடம் நல்ல பெயர், நல்ல வேலை என்பது மாதிரி. அவற்றை வரிசைப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். பிறகு எல்லோரும் சிரிப்பைப் பற்றி ஹைக்கூ பாணியில் ஒரு கவிதை எழுதினார்கள். ஆய்வின் நோக்கம் அறியாத 12 கவிஞர்கள் 40க்கு மதிப்பெண் போட்டார்கள். முதல் குழுவின் சராசரி 19.88, இரண்டாவதன் சராசரி 15.74.

பரிசு என்ற பேச்சு இதில் எங்கே வந்தது?

சரி, 99.5க்கு வருகிறேன். 47 பேரை 24, 23 எனப் பிரிக்கச் சுமார் 16 லட்சம் கோடி வழிகள் உண்டு. எந்தத் தாளைக் கொடுத்தாலும் ஒருவர் அதே கவிதையைத்தான் எழுதியிருப்பார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் கெட்டிக்காரர்கள் தற்செயலாக ஒரே பக்கம் சேர்ந்து 4.14 மதிப்பெண்ணோ அதற்கு மேலோ வித்தியாசம் வரலாம். எத்தனை தடவை வரும் என்பதற்கு டி-சோதனை ஒரு மதிப்பீடு தருகிறது. அதற்குப் பி-மதிப்பு என்று பெயர்; இங்கே அது 0.005. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் சேர்த்து, ஆயிரத்தில் ஐந்து தடவை.

இது ‘தாளுக்கு வேலையே இல்லை’ என்று முதலிலேயே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு. அந்த 0.5 சதவீதத்தை 100இலிருந்து கழித்து ‘99.5 சதவீதம் உறுதி’ என்பது கட்டுரையாளரின் சொந்தச் சரக்கு. மழையில்லாத நாளில் தெரு நனைந்திருப்பது அபூர்வம்தான். அதற்காக, நனைந்த தெருவைப் பார்த்து மழை 99.5 சதவீதம் உறுதி என்பீர்களா? எங்கள் தெருவில் தண்ணீர் லாரியும் வரும்.

ஆய்வு மட்டமென்று சொல்லவில்லை. குலுக்கிப் பிரித்ததால், வித்தியாசத்துக்குத் தாள்தான் காரணம் என்று தைரியமாகச் சொல்லலாம். அது சின்ன விஷயமில்லை. ஆனால் உண்மையான வித்தியாசம் எவ்வளவு என்று மதிப்பிடும் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 1.29 முதல் 7 மதிப்பெண் வரை நீள்கிறது. விளைவு அற்பமாகவும் இருக்கலாம், பெரிதாகவும் இருக்கலாம். இரண்டாம் குழுவிலும் 20ஐத் தாண்டியவர்கள் உண்டு. தவிர, அந்த 47 பேரும் தாமாக வந்தவர்கள், எழுத்தாளர் கூட்டத்திலிருந்து குலுக்கி எடுத்தவர்களல்ல. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதை எப்படிப் பொருத்துவது?

ஒரு திருத்தம் வெளியிடுங்கள். பத்திரிகையில் வந்தால்தான் பலகையில் ஏறும், பாட்டி சொன்னால் எடுபடாது. போன வருடப் பரிசு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பேத்தி இந்த முறையும் அதே தருவார்கள் என்று நினைத்துக் கவிதையை முடித்தே விட்டாள்.

ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை,
பாளையங்கோட்டை