சிங்கம் சிங்கமாகவே இருக்கட்டும்

ஐயா,

சிறுவர் மாயக்கதைகள் பற்றிய கட்டுரை படித்தேன். ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் மகளுக்கு, சி. எஸ். லூயிஸ் எழுதி 1950-இல் வெளிவந்த நார்னியா கதையை ராத்திரிதோறும் சொல்லிவருகிறேன். துரோகம் செய்த எட்மண்டுக்குப் பதிலாக அஸ்லான் என்ற சிங்கம் கல்மேசையில் சாகும் இடம் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"அப்பா, இது பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி இருக்கே?"

"ஏன் மக்களே அப்படித் தோணுது?" என்று மட்டும் கேட்டேன். சிங்கத்தின் அருகே அழுதுகொண்டிருந்த இரண்டு சிறுமிகளையும், இயேசுவின் கல்லறைக்குப் போன பெண்களையும் அவளே சேர்த்துப் பார்த்தாள். கயிற்றைக் கடித்து அறுத்த எலிகள் யார் என்றாள். அது வேதாகமத்தில் இல்லை, கதைக்கே சொந்தம் என்றேன். அதில் அவளுக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் பக்கம் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியின் கதை கேட்டு வளராதவர் யார்? ஆனாலும் மாயக்கதை என்றாலே மந்திரவாதம் என்று ஒதுக்கும் பெற்றோர் உண்டு. சிங்கம்தான் இயேசு என்று முதல் நாளே சொல்லிக் கொடுப்பவர்களும் உண்டு. எனக்கு இதுதான் அதிக வருத்தம். பிள்ளை தானே கண்டுபிடிக்கவேண்டியதைப் பிடுங்கிக்கொள்கிறோம். தயவுசெய்து பிள்ளைகள் கேட்கும்வரை காத்திருங்கள்.

ஒரு தகப்பன்,
களியக்காவிளை